பேட் மாற்றியதும் யோயோ கையைக் கடிக்கிறது, என்ன தப்பு செய்தேன்?

அரைத்தூக்கம்:
எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக ஒரே அலுமினிய யோயோவைத்தான் ஆடுகிறேன். பைண்ட் போட்டால், அதாவது கயிற்றை வளையமாக உள்ளே விட்டுக் கவ்வ வைத்தால், மட்டும் மேலே வரும் வகை, சி அளவு பேரிங், 19 மில்லி ஸ்லிம் பேட் (கயிற்றைப் பிடிக்க இரண்டு பக்க உட்சுவரிலும் ஒட்டும் சிலிக்கான் வளையம்). இரண்டு மாதமாக பைண்ட் வழுக்கத் தொடங்கியது. ஒருமுறை போட்டால் பாதி கயிறு மட்டும் சுற்றிக்கொண்டு, தளர்ந்த பொட்டலம் மாதிரி கைக்கு வரும். அடுத்த த்ரோவில் அப்படியே முடிச்சு. சரி, பேட் தேய்ந்துவிட்டது என்று ஒரு கடையில் புது ஜோடி வரவழைத்து நேற்று இரவு இரண்டு பக்கமும் மாற்றினேன். இப்போது தலைகீழ் நிலவரம். கயிற்றில் இறக்கி இரண்டு சுற்று ஆட்டுவதற்குள் அதுவாகவே கவ்விக்கொண்டு மேலே பாய்கிறது. முட்டியில் இரண்டு அடி வாங்கிவிட்டேன், நடுவிரல் வீங்கியிருக்கிறது. பேட் மட்டமான சரக்கா, நான் ஒட்டியது தப்பா? பழைய பேடைக் குப்பையில் போட்டுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுழலன்83:
இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் மாற்றினால் அப்படித்தான் இருக்கும் தம்பி. புது சிலிக்கான் பிசுபிசு என்று கயிற்றைப் பிடிக்கும். ஆடி ஆடி மேல்தோல் கொஞ்சம் மழுங்கி, கயிற்றின் பஞ்சு படிந்த பிறகுதான் சாதுவாகும். பலரும் செய்கிற வேலை என்னவென்றால், ஒரு பக்கம் மட்டும் புது பேட், மறுபக்கம் தேய்ந்த பேட். பைண்டும் இறுக்கமாக வரும், நடுவில் கடிக்கவும் செய்யாது. உங்களுக்கு அந்த வழி குப்பைக்குப் போய்விட்டது. குப்பை வண்டி வந்துவிட்டதா?

இப்போதைக்கு இரண்டு மணி நேரம் சும்மா த்ரோ, பைண்ட், த்ரோ, பைண்ட் என்று ஆடுங்கள். ட்ரிக் எதுவும் வேண்டாம். இன்னொன்று, வழுக்குகிற பேடோடு இரண்டு மாதம் ஆடியதில் பெரிய வளையமாகப் போட்டு பைண்ட் செய்கிற பழக்கம் வந்திருக்கும். அந்தப் பெரிய வளையத்தைப் புது பேடில் போட்டால் யோயோ வெறிபிடித்த மாதிரிதான் மேலே வரும். வளையத்தைச் சின்னதாக்குங்கள்.

தோபாயோக்காரன்:
முதலில் கயிற்றை மாற்றினீர்களா? பழைய கயிறு, முறுக்கு ஏறிய கயிறு என்றால் பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நடுவில் சுருண்டுகொண்டு மாட்டும். கயிற்றின் கடைசியில் யோயோவைத் தொங்கவிட்டு முறுக்கு அவிழட்டும், பிறகு சொல்லுங்கள். வழுக்கல் பிரச்சினைக்குக்கூட பேட் மாற்றும் முன் ஈரத்துணியால் பேடை ஒரு துடை துடைத்துப் பார்த்திருக்கலாம். பாதி நேரம் அது அழுக்குதான், தேய்மானம் இல்லை.

ரொம்பக் கடித்தால் முகப் பவுடர் ஒரு சிட்டிகை தடவுங்கள். நான் செய்திருக்கிறேன்.

கோவை_லேத்:
பவுடர் எல்லாம் வேண்டாம். அது பேரிங்குக்குள் போனால் அப்புறம் அதற்கு ஒரு இழை திறக்க வேண்டிவரும்.

அரைத்தூக்கம், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். யோயோவைக் கழற்றி, பேட் உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேல் நகத்தை வைத்து உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். உலோகத்திலிருந்து பேடுக்கு நகம் ஏறுகிறதா, இறங்குகிறதா, சமமாகப் போகிறதா? சுற்றிலும் நான்கு இடத்தில் பாருங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள். எல்லோரும் பேட் எந்த கம்பெனி, என்ன நிறம் என்றே பேசுகிறார்கள். யோயோவுக்குத் தெரிந்தது உயரம் ஒன்றுதான்.

காரணம் இது. ஆடும்போது கயிறு பேரிங்கின் நடுவில் ஒற்றையாக நிற்கும்வரை பேடைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பாதிக்கும் நடுவே இடைவெளி நான்கு மில்லியும் சொச்சமும், கயிறோ ஒரு மில்லி பக்கம். பைண்ட் போடும்போது ஒரு வளையம் உள்ளே போய், கயிறு இரண்டு மூன்று அடுக்காகி, இரண்டு பக்கச் சுவரையும் அழுத்துகிறது. அந்த உராய்வில்தான் யோயோ கயிற்றைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. பேட் உலோகத்தோடு சமமாகவோ ஒரு தாள் கனம் உள்ளேயோ இருந்தால் அடுக்கு சேர்ந்த பிறகுதான் பிடிக்கும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஒற்றைக் கயிறு கொஞ்சம் சாய்ந்தாலே பிடித்துவிடும். பம்பரச் சாட்டையில் ஒரு முடிச்சு மாட்டினால் என்ன ஆகுமோ அதுதான்.

அரைத்தூக்கம்:
அண்ணா, வேலைக்குப் போய் வந்துதான் பார்க்க முடியும். சுழலன் அண்ணா சொன்னபடி இரண்டு மணி நேரம் ஆடினேன், ஒரு மாற்றமும் இல்லை. கயிறும் புதுசு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இடைவெளியைக் கூட்டலாம் என்று இரண்டு பாதியையும் ஒரு சுற்று தளர்த்தி ஆடிப் பார்த்தேன், அது வேறு கடகடவென்று ஆடியது. பிறகு பயத்தில் நன்றாக இறுக்கிவிட்டேன்.

கோவை_லேத்:
தளர்த்தியதுகூடப் பரவாயில்லை, இறுக்கியதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அந்த யோயோவில் இடைவெளியை முடிவு செய்வது பேரிங்கின் அகலம். சி பேரிங் என்றால் உள்விட்டம் 6.35, வெளிவிட்டம் 12.7, அகலம் 4.76 மில்லி. இரண்டு பாதியும் அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், எவ்வளவு முறுக்கினாலும் இடைவெளி மாறாது, அலுமினிய மரைதான் பிய்யும். இரண்டு பாதியையும் இணைக்கும் ஆக்சில் இரும்பு, உடம்பு அலுமினியம், யார் தோற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கையால் இறுக்கி நிற்கும் இடத்தோடு விட வேண்டும். திருப்பும்போது முதல் இரண்டு மரை சிரமமாகப் போனால் நிறுத்தி, பின்னால் திருப்பி, மறுபடி நேராக வைத்து ஆரம்பியுங்கள். என் பட்டறைக்கு மரை பிய்ந்த யோயோ வந்திருக்கிறது, ஒன்று கூட பேடால் கெட்டது இல்லை, எல்லாம் கோபத்தால் கெட்டது.

இடைவெளியை உண்மையாகவே கூட்ட வேண்டும் என்றால் பேரிங் உட்காரும் இடத்தில் மெல்லிய ஷிம் வளையம் போட வேண்டும். குறைக்க வேண்டும் என்றால் அகலம் குறைந்த சி பேரிங் இருக்கிறது, 3.18 மில்லி. அதைப் போட்டால் பைண்ட் யோயோவே சுண்டினால் திரும்பிவரும் யோயோவாகிவிடும். புதிதாகப் படிப்பவர்களுக்கு சில பிளாஸ்டிக் யோயோக்களில் இரண்டு பேரிங்கும் சேர்த்தே கொடுப்பது அதற்காகத்தான்.

தோபாயோக்காரன்:
திருகி இடைவெளி மாற்றுகிற யோயோவும் இருந்தது லேத் அண்ணா, தம்பி எங்காவது படித்திருப்பார். 1990இல் டாம் கூன் கொண்டுவந்த எஸ்பி-2, அலுமினியம், பால் பேரிங், இடைவெளியை நாமே வைத்துக்கொள்ளலாம். மனிதர் சான் பிரான்சிஸ்கோவில் பல் மருத்துவர், பல்லுக்கு எவ்வளவு துல்லியமாக வேலை செய்தாரோ தெரியாது, யோயோவுக்குச் செய்தார். பிறகு யோயோஜாம் கம்பெனியிலும் திருகி இடைவெளி மாற்றும் மாடல்கள் இருந்தன, கயிற்றைப் பிடிக்க ஒரு பக்கம் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், மறுபக்கம் ஸ்டார்பர்ஸ்ட் என்ற நட்சத்திர வடிவ மேட்டுவரிகள் என்று கலந்து வந்தன.

நான் சிங்கப்பூரில் பள்ளியில் படித்த காலத்தில், 98, 99 வாக்கில், வகுப்பில் பாதிப் பேரிடம் யோமெகா பிரெயின் இருந்தது. அதில் பேட் பிரச்சினையே கிடையாது. உள்ளே ஸ்பிரிங் போட்ட கிளட்ச், வேகமாகச் சுற்றும்போது அதன் கைகள் வெளியே விரிந்து ஆக்சிலை விட்டுவிடும், வேகம் குறைந்ததும் கவ்வும், யோயோ தானாக மேலே வரும். ட்ரிக் போட முடியாது, ஆனால் முட்டி வீங்காது.

கடலைமிட்டாய்:
இந்த ஸ்டிக்கர் பேடையே விட்டொழியுங்கள் என்பதுதான் என் கட்சி. எல்லா யோயோவிலும் சிலிக்கான் ஊற்றித்தான் வைத்திருக்கிறேன், ஒருமுறை ஊற்றினால் மாதக்கணக்கில் கவலை இல்லை, கடைக்காரன் அனுப்புகிற பேட் தடிப்பா மெலிசா என்ற சூதாட்டமும் இல்லை. முறை சொல்கிறேன். கார் கண்ணாடிக் கசிவுக்கு விற்கிற ஃப்ளோவபிள் சிலிக்கான் வாங்குங்கள், தண்ணியாக இருக்கும், அதுதான் வேண்டும். பழைய பேடை எடுத்துப் பள்ளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுங்கள். பேரிங்கைக் கழற்றி வேறு அறையிலேயே வையுங்கள். ஆக்சில் வெளியே எடுக்க வந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு டியூபின் மூக்கைப் பள்ளத்தில் வைத்து, யோயோவை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒரு சுற்று விடுங்கள். பள்ளம் நிறைந்து லேசாக மேலே நிற்க வேண்டும். பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை இரண்டு உலோக விளிம்பிலும் படும்படி வைத்து ஒரே வழிப்பாக ஒரு முழுச் சுற்று. ஒரே வழிப்பு. அங்கே கொஞ்சம் மேடு, இங்கே கொஞ்சம் குழி என்று திரும்பத் திரும்பத் தடவினால் நாசம். விளிம்பில் வழிந்ததை அப்போதே துடைக்காதீர்கள், காய்ந்த பிறகு நகத்தால் உருட்டினால் வந்துவிடும். 24 மணி நேரம் தொடக்கூடாது. காயும்போது கொஞ்சம் சுருங்கி உள்ளே இறங்கும், அந்த அளவுதான் நமக்கு வேண்டிய அளவு.

வீட்டில் அம்மா யார் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தது என்று கேட்பார்கள். காடி வாடை வரும், சொல்லி வையுங்கள்.

சுழலன்83:
முறை சரி, ஆனால் முதன்முறை செய்கிற ஆளுக்கு இருக்கிற ஒரே யோயோவில் செய்யச் சொல்வது நியாயமா? நான் முதலில் செய்தபோது ஃப்ளோவபிள் கிடைக்கவில்லை என்று மீன்தொட்டி ஒட்டுகிற சிலிக்கானைப் போட்டேன். அது பற்பசை மாதிரி கெட்டி, வழித்தால் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறது. ஆடியபோது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக், ஒரு டிக். சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பேரிங்கை வெளியே வைக்கச் சொன்னதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாடை அசிட்டிக் அமிலம், பேரிங் குண்டுகளுக்கு ஆகாது. இன்னொன்று, சீக்கிரம் காய வேண்டும் என்று அரிசி டப்பாவில் போட்டு மூடி வைத்த ஒரு புண்ணியவானை எனக்குத் தெரியும். இந்த சிலிக்கான் வெயிலில் ஆவியாகிக் காய்கிற பெயின்ட் இல்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. ஈரத்தை உறிஞ்சுகிற அரிசிக்குள் வைத்தால் எப்படி இறுகும்? சென்னைக்காரர்கள் மேசை மேல் திறந்து வைத்தாலே போதும், ஈரத்துக்கு இங்கே பஞ்சமில்லை.

நிலா_இருகை:
இடையில் ஒரு சந்தேகம், இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். நான் இரண்டு கை லூப்பிங் ஆடுகிறேன், அதாவது யோயோவைப் பிடிக்காமலே திரும்பத் திரும்ப முன்னால் சுற்றி அனுப்புவது. ஒரே மாடல் இரண்டு, வலது கை யோயோ பட்டென்று வருகிறது, இடது கை சோம்பேறித்தனமாக ஒரு நொடி யோசித்துத்தான் வருகிறது. இங்கே எல்லோரும் கடிக்காமல் இருக்க வழி தேடுகிறீர்கள், எனக்குக் கடிக்க வேண்டும்.

தோபாயோக்காரன்:
முதலில் யோயோவைக் கை மாற்றி ஆடுங்கள். சோம்பேறித்தனம் இடது கையிலேயே தங்கினால் யோயோ நல்லது, கைதான் படிக்க வேண்டும். வலது கைக்கு மாறிப்போனால் யோயோவில்தான் விஷயம். அப்போது முதலில் கயிறு. லூப்பிங்கில் கயிறு சீக்கிரம் அடிவாங்கும், ஒவ்வொரு லூப்பும் முறுக்கை மாற்றிக்கொண்டே போகும், தளர்ந்த கயிறு சரியாகப் பிடிக்காது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே நீளத்துக்குப் புதுக்கயிறு போடுங்கள். அதன் பிறகும் வித்தியாசம் என்றால் ஷிம் கணக்கைப் பாருங்கள், ஒன்றில் ஒரு வளையம் கூடுதலாக இருக்கலாம். பேரிங்கில் ஒரு சொட்டு கெட்டி எண்ணெய் விட்டாலும் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திரும்பும். பைண்ட் ஆடுபவர்கள் பேரிங்கைக் கழுவி உலர்த்துவதும், லூப் ஆடுபவர்கள் எண்ணெய் விடுவதும் எதிரெதிர் ஊர் வழக்கம், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பம்பரத்தாத்தா:
இதையெல்லாம் படித்தால் சிரிப்பு வருகிறது. என்னிடம் இருப்பது மர ஆக்சில், பேட் இல்லை, பேரிங் இல்லை. கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்றால் கயிற்று வளையத்தை ஆக்சிலில் இன்னொரு சுற்று சுற்றுவேன். குறைய வேண்டும் என்றால் ஒற்றை வளையம். வேலை முடிந்தது. 1928இல் கலிஃபோர்னியாவில் கம்பெனி ஆரம்பித்த பிலிப்பீன்ஸ்காரர் பெட்ரோ ஃப்ளோரஸ் விற்றதும் இந்தக் கணக்குதான், கயிற்றைக் கட்டாமல் வளையமாக மாட்டியதால்தான் மேலே வராமல் கீழேயே சுற்றிக்கொண்டு தூங்குகிறது. ஒரே நிபந்தனை, பருத்திக் கயிறுதான் போட வேண்டும். உங்கள் பாலியஸ்டர் கயிற்றை மாட்டினால் ஆக்சில் சூட்டில் உருகி அறுந்து, யோயோ டிவியைத் தேடிப் போகும்.

கடலைமிட்டாய்:
தாத்தா, டிவி கதை அனுபவமா?

பம்பரத்தாத்தா:
டிவி இல்லை. மீன்தொட்டி. மருமகள் இன்னும் பேசுவதில்லை.

அரைத்தூக்கம்:
கண்டுபிடித்துவிட்டேன்! லேத் அண்ணா, நகத்தை வைத்து இழுத்தேன். ஒரு பக்கம் சமமாக, வழவழவென்று போகிறது. இன்னொரு பக்கம் நகம் தட்டி ஏறுகிறது, அதுவும் சுற்றிலும் இல்லை, முக்கால்வாசி வட்டம் மட்டும். பல்குத்தும் குச்சியால் அந்த பேடை மெதுவாக நெம்பி எடுத்தால் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு படலம். பழைய பேடை உரித்தபோது சிலிக்கான் மட்டும் கையோடு வந்திருக்கிறது, கீழே இருந்த ஒட்டுத்தாள் பள்ளத்திலேயே தங்கிவிட்டது. நான் அதைப் பள்ளத்தின் தரை என்று நினைத்து அதன் மேலேயே புதுசை ஒட்டியிருக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் ஒட்டினால் இப்படித்தான்.

இப்போது அந்தப் படலம் வரமாட்டேன் என்கிறது. சேஃப்டி பின்னால் சுரண்டலாமா?

கோவை_லேத்:
பின் வேண்டாம், பள்ளத்தின் விளிம்பில் கீறல் விழுந்தால் அந்தப் பிசிறு கயிற்றை அறுக்கும். முதலில் கட்டைவிரலால் அழுத்தி உருட்டுங்கள், ஒரு முனை எழும்பினால் முழுசாகச் சுருண்டு வந்துவிடும். வராவிட்டால் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, பத்து நிமிடம் ஊறட்டும்.

கடலைமிட்டாய்:
ஐயோ, எண்ணெயா? அதன் மேல் எந்த பேட் ஒட்டும்? ஆல்கஹால் போதுமே.

கோவை_லேத்:
பாத்திரத்தில் இருக்கும் கம்பெனி ஸ்டிக்கரை உங்கள் வீட்டில் எதைப் போட்டு எடுக்கிறார்கள் தம்பி? எண்ணெய் பசையை இளக்கும், அதுதான் அதன் வேலை. அப்படியே விடச் சொல்லவில்லை. படலம் வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு உங்கள் ஆல்கஹாலை ஒரு தடவை. பேரிங் அப்போது வெளியே இருக்க வேண்டும். ஆல்கஹாலை மட்டும் வைத்துத் தேய்த்தால் நாளைக்கு மாலைக்குள் முடிந்துவிடும், உண்மைதான்.

சுழலன்83:
இரண்டு பேருமே சரி, சண்டை வேண்டாம். அரைத்தூக்கம், நெம்பி எடுத்த புது பேடை மறுபடி ஒட்டாதீர்கள், பசையில் தூசி ஏறியிருக்கும், ஒரு வாரத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும். இன்னொரு ஜோடி இருக்கிறதா?

அரைத்தூக்கம்:
இல்லை. ஒரு ஜோடிதான் வாங்கினேன். ஆனால் ஒரு நல்ல செய்தி, எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி நேற்று வரவில்லை. காகிதக் கூடையில் பழைய பேட் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன, மேலே நூல் பந்து, ஒரு பிஸ்கட் கவர். ஒன்று ஒட்டுத்தாளோடு முழுசாக வந்ததுதான், அதன் அடியில் கொஞ்சம் பசை இருக்கிறது. இது ஒட்டுமா?

சுழலன்83:
நான் சொன்னதற்கு நேர் எதிராகத்தான் கேட்கிறீர்கள். பரவாயில்லை, கழுவாமல் அப்படியே அழுத்தி ஒட்டுங்கள். புதுப் பேட் வரும்வரை தாங்கினால் போதும். ஒட்டிய பிறகு யோயோவின் அந்தப் பாதியைக் கவிழ்த்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ராத்திரி முழுக்க வையுங்கள். பேட் மேல் அழுத்தம் விழ வேண்டும், அதனால் இடையில் மடித்த துணி வையுங்கள்.

அரைத்தூக்கம்:
எண்ணெய் போட்டேன், பத்து நிமிடம் இல்லை, அரை மணி நேரம் ஆனது, படலம் ஒரே துண்டாகச் சுருண்டு வந்தது. சோப்பு, துடைப்பு, ஆல்கஹால், எல்லாம் சொன்னபடி. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் குப்பைக்கூடையிலிருந்து மீண்ட பழசு. நகம் இரண்டு பக்கமும் தட்டாமல் போகிறது. கையால் மட்டும் இறுக்கினேன்.

காலையில் ஒரு மணி நேரம் ஆடினேன். நடுவில் ஒருமுறைகூடக் கடிக்கவில்லை. பைண்ட் சின்ன வளையத்திலேயே டப்பென்று பிடிக்கிறது. உண்மையைச் சொன்னால் வாங்கிய புதிதில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. அந்தக் கடையைத் திட்டி ஒரு விமர்சனம் எழுதி வைத்திருந்தேன், அதை அழித்துவிட்டேன்.

கோவை_லேத்:
ஆல்கஹால் போட்டபோது பேரிங்கை எங்கே வைத்தீர்கள்?

அரைத்தூக்கம்:
வெளியேதான் அண்ணா. ஆனால் வெளியே எடுத்ததுதான் எடுத்தோம் என்று அதையும் தின்னரில் போட்டு ஆட்டி எடுத்தேன். நன்றாகச் சுற்றுகிறது, கொஞ்சம் கீச்சுச் சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

கோவை_லேத்:
மூடி இருந்த பேரிங்கா, மூடியைக் கழற்றிவிட்டுப் போட்டீர்களா? முழுசாகக் காய்ந்ததா? எண்ணெய் விட்டீர்களா? எவ்வளவு?

அரைத்தூக்கம்:
மூடியோடு. காய்ந்தது என்று நினைக்கிறேன். எண்ணெய் விடவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் ஒரு சொட்டு விடட்டுமா?

சுழலன்83:
தொடாதீர்கள். கையை எடுங்கள். பாட்டிலை அலமாரியில் வையுங்கள்.

கோவை_லேத்:
பேரிங்குக்குத் தனி இழை போடு தம்பி, இதில் வேண்டாம். தலைப்பில் தேங்காய் எண்ணெய் என்ற வார்த்தை மட்டும் வரக்கூடாது.